ஒத்தக்கடை குடோனும் 850 ரூபாய் இலக்கு விலையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் மதுரையில் ஆடிட்டர். கே.கே. நகரில் சிறிய அலுவலகம். இங்கே பதிவு செய்வது பல வருடங்களாக என்னிடம் கணக்குப் பார்க்கும் ஒரு மோட்டார் வியாபாரியின் விஷயம். எந்தக் கம்பெனியின் மோட்டாரைக் கடையில் விற்றாரோ, அதே கம்பெனியின் பங்கையும் அவர் வாங்கி வைத்திருந்தார். கணக்கறிக்கை, பங்கு ஆய்வாளர் கணிப்பு, பங்கு விலை மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நிற்கின்றன என்பதை இவ்வளவு கிட்டத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எழுதுவதற்கு அவர் சம்மதம் தந்திருக்கிறார். அவர் பெயர் வராது; கம்பெனியின் பெயரும் அதன் ஊரும் வராது. ரூபாய்க் கணக்குகளை ஒரே விகிதத்தில் மாற்றி, கம்பெனியின் மொத்தப் பங்குகள் ஒரு கோடி என்று வரும்படி அமைத்திருக்கிறேன். ஆகவே கீழே லாபம் 26 கோடி என்றால் ஒரு பங்குக்கான லாபம் 26 ரூபாய். விகிதங்களும் நடந்த வரிசையும் மாறவில்லை.

பின்னணி

கடை சிம்மக்கல் பக்கம், குடோன் ஒத்தக்கடையில். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் சுற்றுவட்டார விவசாயிகள்தான் வாடிக்கையாளர்கள். ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார்தான் முக்கிய வியாபாரம். அவருக்கு அப்போது 58 வயது. நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். மகன் பொறியியல் முடித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தார். டீமேட் கணக்கைத் திறந்து கொடுத்ததும் அவர்தான்.

2020 செப்டம்பரிலிருந்து 2021 நவம்பர் வரை கொஞ்சம் கொஞ்சமாக 5,000 பங்குகள் வாங்கினார்கள். 2021 ஏப்ரலுக்குள் வாங்கிய முதல் 2,500 சராசரியாக 310 ரூபாய்க்கு, அடுத்த 2,500 சராசரியாக 450 ரூபாய்க்கு. மொத்தம் 19 லட்சம். ஒத்தக்கடையில் ஏற்கெனவே இருந்த மனையில் மகனுக்கு வீடு கட்ட அந்தப் பணம். 2022 ஜனவரியில் விலை 710 வரை போனது.

வாங்கியதற்கு அண்ணாச்சி சொன்ன காரணத்தில் தவறில்லை. "நான் விக்கிற சரக்கு தம்பி. ரிப்பேருக்குத் திரும்பி வர்றது ரொம்பக் கம்மி. அப்புறம் என்ன?" பொருளின் தரம் அவருக்குக் கைவிரல் போலத் தெரியும். ஆனால் பொருள் நல்லது என்பது ஒரு கேள்வி. அந்தப் பங்கு அந்த விலைக்குத் தகுமா என்பது வேறொரு கேள்வி. 2020-21இல் விற்பனை 230 கோடி, லாபம் 20 கோடி, ஒரு பங்கின் புத்தக மதிப்பு, அதாவது கணக்குப்படி அந்தப் பங்குக்குரிய சொந்த மூலதனம், 110 ரூபாய். 710 ரூபாய் என்றால் அந்த ஆண்டு லாபத்தைப் போல 35 மடங்குக்கு மேல்.

மார்ச் மாதச் சரக்கு

2021 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட மிக அதிகம். நவம்பர் இறுதியில் முல்லைப்பெரியாறு அணை 142 அடியைத் தொட்டது. கண்மாய்கள் நிரம்பின. கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கும்போது யாரும் புதிதாகப் போர் போட்டு மோட்டார் இறக்க மாட்டார்கள். 2022 ஜனவரி முதல் மார்ச் வரை கடையில் ஆழ்துளை மோட்டார் ஓட்டமே இல்லை.

ஏப்ரலில் வங்கிக்குக் கொடுக்க வேண்டிய மார்ச் மாத ஸ்டாக் ஸ்டேட்மெண்டைச் சரிபார்த்தபோது நின்றுவிட்டேன். முந்தைய ஆண்டு மார்ச் 31இல் இந்தக் கம்பெனியின் சரக்கு 28 லட்சம். இந்த ஆண்டு 62 லட்சம். சந்தேகத்தில் ஒத்தக்கடைக்கே போனேன். வழியெல்லாம் அட்டைப்பெட்டி, பிரிக்காத சரக்கு.

"என்ன அண்ணாச்சி, ஓட்டமே இல்லைன்னீங்க?"

"மார்ச் முடிவுல்ல. ஏரியா மேனேஜர் இறக்கிட்டுப் போயிட்டாரு. 45 நாள் கடன் இப்ப 90 நாள். மூணு சதவீதம் கூடுதல் தள்ளுபடி. விக்கலைன்னா ஜூன்ல திருப்பி எடுத்துக்கிறோம்னு வாயால சொல்லியிருக்காரு."

அந்த வாய்ச்சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. இந்தியக் கணக்கியல் தரமான இண்ட் ஏஎஸ் 115 படி, திருப்பி எடுத்துக்கொள்ளும் உரிமையோடு சரக்கை அனுப்பினால் முழுத் தொகையையும் விற்பனையாக எழுத முடியாது. எவ்வளவு திரும்பி வரும் என்று மதிப்பிட்டு, அந்தப் பகுதியைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பாகக் காட்ட வேண்டும். ஆனால் அந்த வாக்குறுதி காகிதத்தில் இல்லை. தலைமை அலுவலகக் கணக்குப் பிரிவுக்கோ அவர்களுடைய ஆடிட்டருக்கோ அது போய்ச் சேராவிட்டால், ஒத்தக்கடை குடோனில் தூங்கும் மோட்டார் கம்பெனியின் லாப நட்டக் கணக்கில் விற்பனையாக நிற்கும். அந்த லாபத்தை அடிப்படையாக வைத்துத்தான் அடுத்த ஆண்டுக் கணிப்பும் எழுதப்படும்.

ஏப்ரல் 2022: இப்போது விற்கக் கூடாது

அழகர் ஆற்றில் இறங்கியது அந்த ஆண்டு ஏப்ரல் 16. அதற்கு அடுத்த வாரம் அப்பாவும் மகனும் அலுவலகத்துக்கு வந்தார்கள். விலை 660 பக்கம் இருந்தது. அண்ணாச்சிக்குக் கவலை வந்துவிட்டது. பேச்சோடு பேச்சாக, மேனேஜர் தன்னுடைய மண்டலம் முழுவதும் இப்படித்தான் இறக்கியிருப்பதாகச் சொன்னதையும் சொல்லிவிட்டார். "வித்துரலாமா?"

அந்த இடத்தில் பேச்சை நிறுத்தினேன். உள்தகவல் வணிகத்தைத் தடுக்க, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கொண்டுவந்த 2015 விதிமுறைகள் கம்பெனி ஊழியர்களுக்கு மட்டுமானவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கம்பெனியோடு ஒப்பந்த உறவில் இருந்து, அதன் வழியாக வெளிவராத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவல் கிடைக்க வாய்ப்புள்ளவரும் தொடர்புடைய நபர்தான். டீலர் அந்த வரையறைக்குள் வரலாம். தன் குடோனில் இருக்கும் சரக்கு அவருடைய சொந்த வியாபார விவரம். மண்டலம் முழுவதும் என்ன நடந்தது என்று கம்பெனி ஆள் சொன்னது அப்படியல்ல, அதுவும் ஆண்டு முடிவுகள் வெளிவராத நேரத்தில். செபி சட்டத்தின் 15ஜி பிரிவில் குறைந்தபட்ச அபராதமே 10 லட்சம்.

ஆகவே மூன்று முடிவுகள். முடிவுகள் வெளிவரும் வரை ஒரு பங்கையும் விற்பதில்லை, வாங்குவதுமில்லை. அதன் பிறகு எடுக்கும் எந்த முடிவுக்கும் காரணம் வெளியான ஆவணங்களில் மட்டும் இருக்க வேண்டும். அதைத் தேதியிட்டு எழுதி வைக்க வேண்டும். மூன்றாவது கடைக்கானது: திருப்பி எடுக்கும் வாக்குறுதியை ஈமெயிலில் கேட்டு வாங்க வேண்டும்.

ஈமெயில் வரவே இல்லை. மேனேஜர் போனில்தான் பேசினார்.

மகனுக்கு இந்த நிதானம் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவருக்கு விற்கவே மனமில்லை. "சார், மூணு புரோக்கரேஜும் வாங்கச் சொல்றாங்க. அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடத்தான் அடுத்த மாதம் முழுவதும் வெளியான தாள்களைப் படித்தேன்.

ஏற்கெனவே வெளியில் இருந்தவை

பட்டியலிட்ட கம்பெனி ஒவ்வொரு காலாண்டும் முடிவுகளை வெளியிட வேண்டும். அரையாண்டுக்கு ஒருமுறை இருப்புநிலைக் குறிப்பையும் பணவரத்து அறிக்கையையும் சேர்த்துத் தர வேண்டும். பெரும்பாலோர் முதல் பக்கத்து லாபத்தோடு நிறுத்திவிடுவார்கள். கடைசிப் பக்கங்களில் இருந்தது இது:

2019-20இல் விற்பனை 200 கோடி. ஆண்டு முடிவில் வர வேண்டிய பாக்கி 40 கோடி, அதாவது 73 நாள் விற்பனை. லாபம் 14 கோடி, வியாபாரத்திலிருந்து கைக்கு வந்த பணம் 17 கோடி. லாபத்தைவிடப் பணம் அதிகம். ஆரோக்கியமான கணக்கு.

2020-21இல் விற்பனை 230 கோடி, பாக்கி 52 கோடி, 83 நாள். லாபம் 20, பணவரத்து 13.

2021 செப்டம்பர் அரையாண்டில் விற்பனை 125 கோடி, பாக்கி 67 கோடி. கணக்குப் போட்டால் 98 நாள். லாபம் 11 கோடி, பணவரத்து கழித்தல் 3 கோடி; அதாவது வந்ததைவிடப் போன பணம் 3 கோடி அதிகம்.

இந்த அரையாண்டுத் தாள் வெளியானது 2021 நவம்பரில். அதாவது அண்ணாச்சி கடைசி 300 பங்குகளை வாங்கிய அதே வாரம். மார்ச்சில் குடோன் நிறைவதற்கு நாலு மாதம் முன்பே கதையின் ஆரம்பம் எல்லோர் கண்முன்னாலும் இருந்திருக்கிறது. உள்தகவலே தேவைப்பட்டிருக்கவில்லை. அந்தத் தாளை நானும் அப்போது திறந்து பார்க்கவில்லை. அவருடைய முதலீட்டைப் பார்ப்பது என் வேலையல்ல என்று இருந்துவிட்டேன்.

1996இல் ரிச்சர்ட் ஸ்லோன் என்ற கணக்கியல் ஆய்வாளர் அமெரிக்கக் கம்பெனிகளை வைத்துக் காட்டியது இங்கே அப்படியே பொருந்தும். லாபத்தில் இரண்டு பகுதி உண்டு: பணமாகக் கைக்கு வந்தது ஒன்று, வரும் என்று மதிப்பிட்டு எழுதியது இன்னொன்று. அடுத்த ஆண்டும் நீடிப்பதில் முதல் பகுதி வலுவானது, இரண்டாவது பலவீனமானது. சந்தையோ இரண்டையும் ஒரே மாதிரி நம்பி விலை வைக்கிறது.

மூன்று புரோக்கரேஜ் அறிக்கைகள்

புரோக்கரேஜ் என்னும் பங்குத் தரகு நிறுவனங்களின் ஆய்வாளர்களைக் குறை சொல்வது எளிது. நான் அதைச் செய்யப்போவதில்லை. மூன்று அறிக்கைகளையும் வரிவரியாகப் படித்தேன். புதிய ஆலை எப்போது உற்பத்தியைத் தொடங்கும், செம்பு விலை ஏறினால் லாப விகிதம் எவ்வளவு குறையும், ஏற்றுமதி எந்த நாடுகளுக்கு விரிகிறது என்பதெல்லாம் அவற்றில் தெளிவாக இருந்தது. கடந்த காலத்தைச் சொல்லும் கணக்கறிக்கையில் இவை கிடையாது. பங்கு மதிப்பீட்டைக் கணக்கறிக்கையோடு இணைத்து 1995இல் ஜேம்ஸ் ஓல்சன் முன்வைத்த மாதிரியிலும், இன்னும் கணக்குக்குள் வராத தகவல் என்று ஒரு தனி இடம் உண்டு. பின்னால் வந்த கணக்கியல் அறிஞர்கள் அந்த இடத்தை நிரப்பப் பங்கு ஆய்வாளர்களின் கணிப்பைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கணிப்புக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது.

குறை வேறிடத்தில் இருந்தது. மூன்று அறிக்கைகளும் 2022-23க்கு ஒரு பங்கு லாபம் 32 முதல் 34 வரை, 2023-24க்கு 39 முதல் 42 வரை என்றன. இந்த எண்கள் எல்லாம் நடப்பு ஆண்டு விற்பனையை அடித்தளமாக வைத்து, அதன்மேல் வளர்ச்சி விகிதம் போட்டு வந்தவை. பாக்கி நாட்கள் 73லிருந்து 98 ஆனதைப் பற்றி இரண்டு அறிக்கைகளில் ஒரு வரி இல்லை. மூன்றாவதில், வரும் ஆண்டில் 80 நாளுக்குத் திரும்பும் என்று ஒரு அட்டவணையில் எண் மட்டும் இருந்தது. எப்படித் திரும்பும் என்று இல்லை. விற்பனையைக் குறைக்காமல் பாக்கியை மட்டும் குறைக்க முடியுமா என்பதுதான் கேள்வியே.

இதுவும் இந்த மூவருக்கு மட்டும் உரிய பிழையல்ல. பணமாக வராத லாபம் அதிகமுள்ள கம்பெனிகளில் அடுத்து வரும் சரிவை ஆய்வாளர் கணிப்புகள் முன்கூட்டிக் காட்டுவதில்லை என்று பிராட்ஷா, ரிச்சர்ட்சன், ஸ்லோன் மூவரும் 2001இல் எழுதியிருக்கிறார்கள். நான் மகனுக்குச் சொன்ன பதில் இதுதான்: அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது, உண்மை. ஆனால் இந்த ஒரு விஷயத்தைப் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் குறைவு.

இன்னொன்றையும் காட்டினேன். செபியின் 2014 ஆய்வாளர் விதிமுறைகளின்படி, அறிக்கை எழுதும் நிறுவனம் அந்தக் கம்பெனியிடமிருந்து கடந்த பன்னிரண்டு மாதத்தில் கட்டணம் பெற்றிருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும். பங்கு எட்டும் என்று ஆய்வாளர் சொல்லும் விலைதான் இலக்கு விலை; அதை மிக உயரமாகக் கொடுத்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், ஆம் என்று இருந்தது. அதனால் அந்தக் கணிப்பு பொய் என்று ஆகிவிடாது. ஆனால் மகன் அந்தப் பக்கம் வரை ஒருபோதும் போனதில்லை.

மே 2022: முடிவுகளும் ஒரு பலகைக் கணக்கும்

மே கடைசி வாரம் தணிக்கை செய்த ஆண்டு முடிவுகள் வந்தன. லாபம் 26 கோடி. ஆய்வாளர்களின் சராசரி எதிர்பார்ப்பு 25. "எதிர்பார்ப்பைத் தாண்டியது" என்று செய்தி. அன்று விலை 5 சதவீதம் ஏறி 705. உயரமான இலக்கு 850 ஆனது.

அதே முடிவுகளின் பின்பக்கம்: விற்பனை 290 கோடி, பாக்கி 87 கோடி, 110 நாள். வியாபாரத்திலிருந்து வந்த பணம் கழித்தல் 6 கோடி. 26 கோடி லாபத்துக்கும் கழித்தல் 6 கோடிக்கும் இடையே 32 கோடி இடைவெளி. அதில் 35 கோடி பாக்கி ஏறியதால் வந்தது. தேய்மானமும் மற்றவையும் சேர்ந்து மிச்சத்தை ஈடுகட்டின.

சனிக்கிழமை மாலை மூவரும் உட்கார்ந்து பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். ஓல்சன் வழிக் கணக்கை எளிமையாக இப்படிச் சொல்லலாம். கம்பெனியில் ஏற்கெனவே இருக்கும் சொந்த மூலதனம் புத்தக மதிப்பு. அந்த மூலதனத்துக்கு நியாயமாக எதிர்பார்க்கும் வருமானத்துக்கு மேல் கம்பெனி எவ்வளவு சம்பாதிக்கிறதோ அது மிகை லாபம். புத்தக மதிப்போடு வருங்கால மிகை லாபங்களின் இன்றைய மதிப்பைக் கூட்டினால் பங்கின் மதிப்பு. அண்ணாச்சிக்கு இது உடனே பிடிபட்டது. "கடையில போட்ட முதலுக்கு வட்டி போக மிஞ்சுறது. அதான?" அதேதான்.

2022 மார்ச் புத்தக மதிப்பு 132 ரூபாய். எதிர்பார்க்கும் வருமானம் 13 சதவீதம் என்று வைத்தோம். ஆய்வாளர்களின் மிக உயர்ந்த எண்களை, ஒரு பைசா குறைக்காமல், அப்படியே எடுத்துக்கொண்டோம்.

முதல் ஆண்டு: 132க்கு 13 சதவீதம் 17.16. கணிப்பு 34. மிகை 16.84. அதை 1.13ஆல் வகுத்தால் இன்றைய மதிப்பு 14.90.

இரண்டாம் ஆண்டு: ஈவுத்தொகை 5 போகப் புத்தக மதிப்பு 161. அதற்கு 13 சதவீதம் 20.93. கணிப்பு 42. மிகை 21.07. அதை 1.13ஆல் இரண்டு முறை வகுத்தால் இன்றைய மதிப்பு 16.50.

புத்தக மதிப்பு 132ஓடு எல்லாம் சேர்த்து 163 ரூபாய். சந்தை விலை 705. மீதி 542 ரூபாய், அதாவது விலையில் முக்கால் பங்குக்கு மேல், இரண்டாண்டுக்கு அப்புறம் வருவதை நம்பி நிற்கிறது. சரி, 21 ரூபாய் மிகை லாபம் குறையாமல் என்றென்றைக்கும் தொடரும் என்று வைத்தால்? அப்போதும் 290தான் வந்தது. 705க்கு அந்த மிகை லாபம் ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே போக வேண்டும். அமெரிக்கக் கம்பெனிகளின் நீண்டகாலத் தரவை வைத்து டெகாவ், ஹட்டன், ஸ்லோன் 1999இல் கண்டது, ஓர் ஆண்டின் மிகை லாபத்தில் சராசரியாக 62 சதவீதம்தான் அடுத்த ஆண்டுக்குத் தங்குகிறது என்பது. போட்டி வரும், விலை குறையும், மிகை தேயும்.

இந்த இடத்தில் மகனிடம் தெளிவாகச் சொன்னேன்: பங்கின் மதிப்பு 163 என்றோ 290 என்றோ நான் சொல்லவில்லை. வளரும் கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கு எப்போதுமே குறைவாகத்தான் காட்டும். விளம்பரம், வடிவமைப்பு, டீலர் வலைப்பின்னல் ஆகியவற்றுக்குச் செலவழித்தது புத்தக மதிப்பில் சொத்தாக ஏறாது. கணக்கு சொல்வது ஒன்றே ஒன்று: 705 கொடுப்பவர் எதையெதை நம்பினால் அந்த விலை நியாயம் என்பது. அந்த நம்பிக்கைகளின் அடியில் இருப்பது 26 ரூபாய் லாபம். அதற்கு எதிரே கைக்கு வந்த பணம் கழித்தல் 6.

ஜூன் 2022: பாதி விற்பனை

முடிவுகளுக்கு மறுநாள் கம்பெனி நடத்திய ஆய்வாளர் கூட்டத்தின் எழுத்துப்படி வந்தது. 2022 ஏப்ரலிலிருந்து அதை வெளியிடுவது கட்டாயம். ஒரு ஆய்வாளர் பாக்கி ஏன் ஏறியது என்று நேரடியாகக் கேட்டிருந்தார். டீலர்களுக்குக் கடன் காலத்தைத் தற்காலிகமாக நீட்டித்திருப்பதாகவும் இரண்டு காலாண்டில் சீராகும் என்றும் நிர்வாகம் சொல்லியிருந்தது.

பங்குச்சந்தைச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் கேட்டோம். ஆண்டு முடிவுகளும் கடன் நீட்டிப்பும் இப்போது பொதுவெளிக்கு வந்துவிட்டன, நீங்கள் எழுதி வைத்திருக்கும் காரணங்கள் வெளியான தாள்களிலிருந்தே வருகின்றன, விற்கலாம் என்றார். தகவல் வெளியாகி 48 மணி நேரம் கழிந்து, மேலும் சில நாட்கள் விட்டு விற்றோம்.

எல்லாவற்றையும் விற்கவில்லை. மகன் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும் என்றார், அண்ணாச்சி முழுதும் விற்க வேண்டும் என்றார். பாதி என்பது இருவரையும் சமாதானப்படுத்த எடுத்த முடிவு என்று தோன்றலாம். கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் என் காரணம் வேறு. பாக்கி ஏறுவது சரிவு வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். எப்போது, எவ்வளவு என்று அது சொல்லாது. புதிய ஆலையைப் பற்றி ஆய்வாளர்கள் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு அஸ்திவாரமும் முதல் தளமும் எழும்ப வேண்டிய பணம் மட்டும் பத்திரமாக வேண்டும்.

2,500 பங்குகள், சராசரி 690. முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கணக்கு என்பதால் அடக்கவிலை 310. லாபம் 9.5 லட்சம். அன்றைய விதிப்படி ஒரு லட்சம் கழித்து 10 சதவீத நீண்டகால வரி, செஸ் வரியோடு 88,400 ரூபாய். கடைச் சரக்கிலும் அழுத்திக் கேட்டதில் ஜூன் கடைசியில் மூன்றில் ஒரு பங்கைக் கம்பெனி திருப்பி எடுத்தது, மீதியை எடுக்கவில்லை.

அதன் பின்

ஆகஸ்டில் முதல் காலாண்டு முடிவு. ஒரு பங்கு லாபம் 3; போன ஆண்டு அதே காலாண்டில் 5. விலை 560.

செப்டம்பரில் ஆண்டறிக்கை வந்தது. கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 2021 மார்ச்சில் கொண்டுவந்த திருத்தத்தால், பாக்கி எத்தனை மாதப் பழையது என்று வயதுவாரியாகக் காட்டுவது அந்த நிதியாண்டிலிருந்துதான் தொடங்கியது. ஆறு மாதத்தைத் தாண்டிய பாக்கி 87இல் 19 கோடி. கம்பெனியின் ஆடிட்டர் வருவாய்ப் பதிவையும் டீலர் தள்ளுபடிகளையும் முக்கியத் தணிக்கை விஷயமாகக் குறிப்பிட்டிருந்தார்.

நவம்பரில் அரையாண்டு லாபம் 6 கோடி, வராத பாக்கிக்கு 5 கோடி ஒதுக்கீடு. ஆய்வாளர்களின் 2022-23 கணிப்பு 34லிருந்து 28, அப்புறம் 22, அப்புறம் 18 என்று ஒவ்வொரு காலாண்டும் ஒரு படி இறங்கியது. கடைசியில் வந்த எண் 15. ஒவ்வொரு முறையும் கணிப்பு உண்மையை எட்டிப் பிடிக்க ஓடியதே தவிர முன்னால் போகவில்லை. விலை கணிப்பைவிட வேகமாக இறங்கியது. வருடாந்திர லாபத்தில் இருக்கும் செய்தியில் பெரும்பகுதி அறிவிப்புக்கு முன்பே விலையில் ஏறிவிடுகிறது என்று பால், பிரவுன் இருவரும் 1968இலேயே காட்டியதை இந்த ஒரு பங்கில் மாதம் மாதமாகப் பார்த்தேன். 2023 மார்ச் மூன்றாவது வாரம் விலை 330.

மார்ச் 2023: இரண்டாவது விற்பனை

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்குத் தயக்கம். ஆனால் இதற்காகத்தான் முழுவதையும் எழுதினேன்.

மிச்சமிருந்த 2,500 பங்குகளின் அடக்கவிலை 450. அண்ணாச்சி ஒருநாள் காலையில் போன் செய்தார். "போதும் தம்பி. ராத்திரி தூக்கம் வரலை. வித்துர்றேன்." நான், உங்கள் விருப்பம் அண்ணாச்சி என்றேன். 330க்கு விற்றார். மூன்று லட்சம் நட்டம்.

நான் செய்ய வேண்டியிருந்தது, ஒன்பது மாதம் முன்பு பலகையில் போட்ட அதே கணக்கை மறுபடி போடுவது. செய்யவில்லை. முதல் முறை சொன்னது சரியாகிவிட்டது என்ற நிம்மதியில் இருந்துவிட்டேன்.

செப்டம்பர் அரையாண்டுத் தாளில் பாக்கி ஏற்கெனவே 70 கோடிக்கு இறங்கியிருந்தது. பணவரத்து 12 கோடி, லாபமோ 6. இடைவெளி திசை மாறியிருந்தது. எழுதிய லாபம் குறைவு, கைக்கு வந்த பணம் அதிகம். பழைய பாக்கி வசூலாகிறது, மார்ச்சில் திணித்த சரக்கு டீலர்களிடம் கரைகிறது என்று பொருள். ஸ்லோனின் விதி இரண்டு பக்கமும் வெட்டும்: பணத்தைவிட லாபம் மிஞ்சினால் எச்சரிக்கை, லாபத்தைவிடப் பணம் மிஞ்சினால் அடுத்த ஆண்டு லாபம் மீள வாய்ப்பு. மே மாதம் வந்த முழு ஆண்டுக் கணக்கு அதை உறுதி செய்தது. லாபம் 15 கோடி, பணவரத்து 31 கோடி, பாக்கி 62 கோடி, 86 நாள்.

பிறகு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். புத்தக மதிப்பு 143. ஆய்வாளர்கள் அப்போது சொன்ன 19, 23 என்ற எண்களை வைத்தால் 145 வருகிறது. 330 ரூபாய் விலையில் எதிர்காலத்தை நம்பி நின்ற பகுதி முக்காலிலிருந்து பாதிக்குச் சற்று மேல் என்று குறைந்திருந்தது. மலிவு என்று கத்தும் எண் அல்ல. ஆனால் பயந்து ஓடும் எண்ணும் அல்ல. அடியில் இருந்த லாபம் இந்த முறை பணமாக வந்த லாபம்.

2023-24இல் ஒரு பங்கு லாபம் 24. இறங்கும்போது மெதுவாக இறக்கிய ஆய்வாளர்கள் ஏறும்போதும் மெதுவாகத்தான் ஏற்றினார்கள். புதிய ஆலையைப் பற்றி அவர்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லி வந்தது நடந்தது, ஓராண்டு தாமதமாக. 2024 ஜூனில் விலை 520.

மொத்தக் கணக்கு: 19 லட்சம் போட்டு, வரிக்கு முன் 25.5 லட்சம் வந்தது. வீட்டின் முதல் தளம் முடிந்துவிட்டது. மாடி இன்னும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இன்னொரு முறை என்றால்

பங்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர் யாரானாலும், கம்பெனியின் அரையாண்டுத் தாள் வந்ததும் நாலு எண்களை ஒரு வரியில் எழுதுகிறோம்: லாபம், பணவரத்து, பாக்கி நாள், அடுத்த ஆண்டுக் கணிப்பு. விலை ஏறினாலும் இறங்கினாலும் எழுதுகிறோம். அண்ணாச்சி விஷயத்தில் அந்த வரி 2021 நவம்பரில் இருந்திருந்தால் கடைசி 300 பங்குகள் வாங்கியிருக்க மாட்டார். 2023 மார்ச்சில் இருந்திருந்தால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்திருப்பார்.

விற்கும் முடிவுக்குக் காரணம் எழுதி வைத்தது போல, வைத்திருக்கும் முடிவுக்கும் எழுதியிருக்க வேண்டும். ஜூன் 2022இல் பாதியை ஏன் வைத்துக்கொண்டோம், எது நடந்தால் அதையும் விற்போம், எது நடந்தால் விற்க மாட்டோம் என்று என் கோப்பில் ஒரு சொல் இல்லை. அதனால்தான் மார்ச்சில் பயம் வந்தபோது அதற்கு எதிரே வைக்க ஒன்றும் இல்லாமல் போனது.

வழக்கறிஞரை மே கடைசியில் அல்ல, ஏப்ரலிலேயே கேட்டிருக்க வேண்டும். விலை தயவில் நாங்கள் காத்திருந்த ஆறு வாரம் நட்டம் தரவில்லை. அந்த ஆறு வாரத்தில் விலை 400க்கு இறங்கியிருந்தாலும் காத்திருக்கத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை அண்ணாச்சிக்குச் சட்டம் தெரிந்த ஒருவர் வாயால் முதலிலேயே கேட்கும் உரிமை இருந்தது.

கடைப் பக்கம், எழுத்தில் இல்லாத எந்தத் திருப்பியெடுப்பு வாக்குறுதிக்கும் அண்ணாச்சி இப்போது சரக்கு இறக்குவதில்லை. போன மார்ச்சில் அந்தக் கம்பெனியின் வேறொரு மேனேஜர் வந்தார். ஈமெயில் போட்டுவிட்டு லாரியை அனுப்புங்கள் என்று சொல்லியனுப்பினார். ஈமெயில் வந்தது, அதன் பிறகு பத்து மோட்டார் வந்தது.